மண்வெட்டிப் பட்டாளம்

2024 ஜூலை 30 விடிகாலையில் வயநாட்டில் மலை சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மதுக்கரையில் இருக்கிற நமக்குக் கேரளா தூரத்து ஊர் இல்லை. வாளையாரைத் தாண்டினால் கேரளாதான். அந்த நாட்களில் நான் டி.வி.யை விட்டு நகரவே இல்லை. சூரல்மலையில் இருந்த பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரையில் முண்டக்கை. மண்ணைத் தோண்டும் வண்டி அங்கே போக வழியில்லை. அப்போதுதான் ராணுவத்தார் வந்து இரும்புச் சட்டங்களைக் கோத்து 190 அடி நீளத்துக்கு ஒரு பாலம் போட்டார்கள். ஆகஸ்ட் 1 மாலை அது தயார். 24 டன் எடையைத் தாங்குமாம். "மெட்ராஸ் என்ஜினியர் குரூப்" என்று செய்தியில் சொன்னதும் எனக்கு என் மாமா ஞாபகம் வந்துவிட்டது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர். வருஷத்துக்கு ஒரு தடவை கறுப்பு டிரங்குப் பெட்டியோடு லீவில் வருவார். பொடியன்கள் எல்லோரும் திண்ணையில் அவரைச் சுற்றிக்கொள்வோம்.

"ஏனுங் மாமா, எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"ஒருத்தனையும் சுடலை கண்ணு. ரோடு போட்டோம், பாலம் கட்டினோம். காஷ்மீர்ல பனிக்குள்ள ரோடு போட்டோம்."

எங்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். ஊரில் சில பேர் அதை 'மண்வெட்டிப் பட்டாளம்' என்று கேலி பேசுவார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் முன்னால் நானும் அப்படிச் சொன்னேன். மாமா காதில் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். பிறகு அவர் பென்ஷன் வாங்கி ஊரோடு இருந்த காலத்திலும் நான் அவரிடம் எதையும் விவரமாகக் கேட்கவில்லை. நானும் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கும் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். எங்கள் இரண்டு பேர் தொழிலும் ஒன்றுதான் என்று தெரியவே எனக்கு ஓய்வு பெற வேண்டியிருந்தது. அதற்குள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் கேட்காததைப் புத்தகங்களில் தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'மெட்ராஸ்' என்றதும் நம் பக்கத்தில் குன்னூர் வெலிங்டன்தான் நினைவுக்கு வரும். அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட், காலாட்படை. நான் சொல்லும் மெட்ராஸ் சாப்பர்ஸ் வேறு. அதற்குத் தலைமையிடம் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம். எம்.இ.ஜி. என்பதும் இதுதான்.

பிறந்த கதை நம் தமிழ்நாட்டில்தான். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் ஹைதர் அலி படையிடம் கும்பினிப் படை நொறுங்கிப் போனது. இருபதே நாளில், செப்டம்பர் 30 அன்று, 'மெட்ராஸ் பயனியர்ஸ்' என்று இரண்டு கம்பெனிகளைத் திரட்டினார்கள். படைக்கு முன்னால் போய்க் காட்டை வெட்டிப் பாதை போடுவது, பீரங்கியை ஆற்றைக் கடத்துவது, கோட்டைச் சுவரை நெருங்கப் பதுங்குகுழி தோண்டுவது இவர்கள் வேலை. அப்படிக் குழி தோண்டிக்கொண்டே முன்னேறுவதற்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பேரிலிருந்துதான் 'சாப்பர்' என்ற சொல் வந்தது. சுவருக்கு அடியில் சுரங்கம் வைப்பவன் 'மைனர்'. 1831-இல் இந்தப் படைக்கு 'மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்றே பேர் வைத்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படை அன்றைக்கு யாருக்காகத் தோண்டியது? கும்பினிக்காக. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிலும் இவர்கள் இருந்தார்கள். அந்த மே 4-ஆம் தேதி திப்பு விழுந்ததோடு, மைசூர் ஆட்சியில் இருந்த நம் கோயமுத்தூர்ச் சீமையும் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. தீரன் சின்னமலை எதிர்த்து நின்றது அந்த ஆட்சியைத்தான். கூலிக்குப் போன ஏழைத் தமிழன் தன் மண்ணுக்கே எதிராகப் பள்ளம் வெட்டினான் என்பதும் இந்த வரலாற்றில் சேர்த்தி.

அப்படி உழைத்தவனுக்குக் கிடைத்த மரியாதையும் பெரிதில்லை. 1880-களில் மெட்ராஸ் ராணுவத்துக்கும், பிறகு இந்திய ராணுவம் முழுமைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று நினைத்தவர். 'வீர இனம்' என்று வடக்கே சில கூட்டங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆனால் சாப்பர்ஸ் படையை மட்டும் அவர்களால் விட முடியவில்லை. பாலம் கட்டவும் பாறை உடைக்கவும் ஆள் வேண்டுமே! தமிழர், தெலுங்கர், கிறிஸ்தவர், முஸ்லிம், ஊருக்குள் ஒதுக்கி வைக்கப்பட்ட பறையர் எனப் பலரும் இதில் சேர்ந்தார்கள். இன்றைக்கும் இந்தப் படைக்காரர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பேர் 'தம்பி'.

1912-இல் பெங்களூரில் மக்ளின்டாக் என்ற சாப்பர்ஸ் அதிகாரி ஒரு கருவி செய்தார். வெடிமருந்து அடைத்த இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி, முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைப்பது. துளையில் மருந்து கிடித்து வெடித்த எனக்கு அது படித்தவுடனே புரிந்தது. 'பெங்களூர் டார்பிடோ' என்ற அந்தக் குழாய் 1944-இல் நார்மண்டிக் கடற்கரை வரைக்கும் போனது.

அதே 1944-இல், பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊர்ப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். கூட வந்தவர் ஒரு கண்ணியை மிதித்துவிட்டார். அது வெடிக்கச் சில விநாடிகள்தான். தரையோடு படுத்திருந்தால் இவர் தப்பித்திருக்கலாம். அதன் மேலேயே பாய்ந்து விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் சிலுவை விருது பெற்ற முதல் இந்தியர் அவர். 'லாயக்கில்லை' என்றவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

இனி மாமா சொன்ன பனி ரோடு. 1948-இல் லடாக்குக்குப் போகும் வழியான சோஜிலா கணவாயை எதிரிகள் அடைத்துக்கொண்டார்கள். உயரம் 11,000 அடிக்கு மேல். செப்டம்பரில் காலாட்படை தாக்கிப் பார்த்தும் முடியவில்லை. டாங்கியை மேலே கொண்டுபோவது என்று ஜெனரல் திம்மையா முடிவு செய்தார். இருந்ததோ கோவேறு கழுதை போகும் தடம். அதை மேஜர் தங்கராஜு தலைமையில் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான் டாங்கி ஏறும் பாதையாக்கினார்கள். டாங்கிகளை எதிரிக்குத் தெரியாமல் மேல்மூடியைக் கழற்றி ஜம்முவிலிருந்து கொண்டு வந்தார்கள். நவம்பர் 1 அன்று பனி கொட்டும்போது டாங்கிகள் கணவாயில் நுழைந்தன. அந்த மாதமே திராஸும் கார்கிலும் மீண்டன. புழுதியில் பிறந்து வளர்ந்த நம் பக்கத்துப் பையன்கள் அந்தக் குளிரில் கடப்பாரை பிடித்ததை நினைத்துப் பாருங்கள். விறைத்த கையில் கடப்பாரை நிற்குமா?

இப்போதைய அமைப்பையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவத்தின் என்ஜினியர் கோரில் மூன்று குரூப்கள்: பெங்களூர், ரூர்க்கி, புனே பக்கம் கட்கி. மூன்றிலும் மூத்தது நம்முடையது. 1932 நவம்பர் 18-இல் மூன்றும் ஒரே கோர் ஆனதால், இன்றும் அந்தத் தேதிதான் கோர் தினம். குரூப் என்பது தாய்வீடு மாதிரி. ஆளெடுத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பும். ரெஜிமென்ட்கள் நாடு முழுக்கப் பரவி இருக்கும். ஒரு ரெஜிமென்டுக்கு ஒரு கர்னல், அதன் கீழ் கம்பெனிகள், கம்பெனிக்கு ஒரு மேஜர், அதன் கீழ் பிளாட்டூன்கள். இங்கே சிப்பாய்க்குப் பேரே 'சாப்பர்'தான். துப்பாக்கிப் பயிற்சியோடு தச்சு, கொத்து, கொல்லு, மின்சாரம் என்று ஏதாவது ஒரு தொழிலும் ஒவ்வொருவருக்கும் உண்டு. போரில் முன்னேறும்போது கண்ணிவெடியை எடுத்து வழிவிடுவதும், பின்வாங்கும்போது கடைசியில் பாலத்தைத் தகர்ப்பதும் அவர்களே. 1971-இல் பசந்தர் ஆற்றுச் சண்டையில் கண்ணிவெடி வயலில் டாங்கிகளுக்கு வழி திறந்தது இந்தத் தம்பிகளின் 9-ஆவது ரெஜிமென்ட்.

வயநாட்டில் போட்டது பெய்லி பாலம். டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் இரண்டாம் உலகப் போரில் வடிவமைத்தது. ஒரு சட்டம் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடலாம். கிரேன் வேண்டியதில்லை. சட்டங்களை ஊசி போட்டு மாட்டி, உருளைமேல் வைத்து அக்கரைக்குத் தள்ளுவார்கள். 190 அடி என்றால் இப்படிப் பத்தொன்பது கட்டம். சீதா ஷெல்கே என்ற பெண் மேஜர் முன்னால் நின்று நடத்தினார். மழையில் நனைந்துகொண்டு ஆறு பேர் ஒரு சட்டத்தைத் தோளில் தாங்கி வந்ததை டி.வி.யில் பார்த்தபோது, ஆறில் ஒருவர் மாமா மாதிரியே இருந்தார். வயசுக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் நம்பரும் பேரும் பாதி அழிந்து கிடக்கின்றன. பேரன் அதைக் காட்டி, "தாத்தா, இவரு யாரைச் சுட்டாரு?" என்று போன வாரம் கேட்டான். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார வைத்துச் சோஜிலாவிலிருந்து ஆரம்பித்தேன். உங்கள் வீட்டிலும் எம்.இ.ஜி.யில் இருந்த பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால், நான் விட்டதை நீங்கள் விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே போய்க் கேட்டு எழுதி வையுங்கள்.