ஃபார்மலின் ஊசியில் பிறந்த ஸ்ட்ரெஸ்

பரீட்சை வந்தால் ஸ்ட்ரெஸ், பஸ் வராவிட்டால் ஸ்ட்ரெஸ்! இந்த வார்த்தையை மருத்துவத்துக்குள் உட்கார வைத்தவர் ஹான்ஸ் செல்யே. அதுவும் ஒரு தோல்வியின் வழியாக.

1907-ல் வியன்னாவில் பிறந்த செல்யே, பிராக் நகரில் மருத்துவ மாணவராக இருந்தபோதே ஒன்றைக் கவனித்தார். நோய் எதுவானாலும் நோயாளிகளுக்குப் பசி இல்லை, எடை குறைகிறது, சோர்ந்து கிடக்கிறார்கள். பேராசிரியர்களோ ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அடையாளத்தைத்தான் தேடினார்கள்.

1930களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் தேடியது ஒரு புதிய ஹார்மோன். சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டார். அறுத்துப் பார்த்தால் அட்ரினல் சுரப்பி பெருத்திருந்தது, தைமஸ் சுருங்கியிருந்தது, வயிற்றில் புண். ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று மனிதருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மற்ற உறுப்புகளின் சாற்றுக்கும் அதே விளைவு! சந்தேகப்பட்டு வெறும் ஃபார்மலினைப் போட்டார் (பிணம் கெடாமல் இருக்க ஊற்றுவார்களே, அதேதான்). அதற்கும் அதே மூன்று. ஹார்மோன் கனவு அத்தோடு போச்சு.

வேறொருவர் அந்த எலிகளை மறந்திருப்பார். செல்யேவுக்குப் பிராக் நோயாளிகள் ஞாபகம் வந்தார்கள். எலிகளைக் குளிரில் வைத்தார், அளவுக்கு மீறி ஓடவிட்டார்... எல்லாவற்றுக்கும் உடல் ஒரே பதிலைத்தான் சொன்னது. 1936 ஜூலை 4 'நேச்சர்' இதழில் ஒரே பக்கத்தில் இதை எழுதினார். முதல் 6 முதல் 48 மணி நேரம் உடலில் அபாயமணி. பிறகு உடல் பழகிக்கொள்கிறது. உறுப்புகளும் மெல்லத் தேறுகின்றன. தொல்லை நிற்காவிட்டால், ஒன்று முதல் மூன்று மாதத்தில் எதிர்த்து நிற்கும் சக்தி போய் எலி சாகிறது.

கடைசிக் கட்டத்துக்கு அவர் சொன்ன காரணம், பேட்டரி தீர்வதுபோல உடலின் சமாளிக்கும் சக்தி தீர்ந்துபோகிறது என்பது. பின்னால் வந்தவர்கள் இதை ஏற்கவில்லை. பெரும்பாலும் ஹார்மோன் தீர்வதில்லை, ஓயாமல் சுரப்பதுதான் வினை. அவசரத்தில் உயிரைக் காக்கும் கார்ட்டிசால், மாதக்கணக்கில் அதிகமாகவே இருந்தால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றுகிறது, நோய் எதிர்ப்பைக் குறைக்கிறது. இந்தத் தேய்மானத்துக்கு 1993-ல் மெக்யூவனும் ஸ்டெல்லரும் தனியாக ஒரு பெயரே வைத்தார்கள்: 'அல்லோஸ்டேடிக் லோட்'.

இந்தக் கருத்தை முதலில் காசாக்கப் பார்த்தவர்களில் சிகரெட் கம்பெனிகளும் உண்டு. நோய்க்குக் காரணம் ஸ்ட்ரெஸ் என்றால் புகையை ஏன் திட்ட வேண்டும்? 1969-ல் கனடா நாடாளுமன்றக் குழு முன்பு செல்யேவே, புகைப்பது மன அழுத்தத்தைத் தணிக்கும் என்கிற ரீதியில் சாட்சி சொன்னார். அவருடைய ஆராய்ச்சிக்குக் கம்பெனிகள் பணம் கொடுத்த விவரமெல்லாம், 1982-ல் அவர் இறந்து பல வருடம் கழித்து, வழக்குகளில் வெளிவந்த அவர்களது உள் ஆவணங்களில் இருந்தது.