கொடைக்கானல் மலைப்பூண்டும் கொலஸ்டிராலும்

பழனி மலைத்தொடரின் மேல்மலை ஊர்களான பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை முதலியவற்றில் விளையும் வெள்ளைப்பூண்டு, கொடைக்கானல் மலைப்பூண்டு எனப்படுகிறது. காரமும் மணமும் மிக்க இது நெடுநாள் கெடாமல் இருக்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இரத்தத்திலுள்ள கொழுப்பைப் பூண்டு கரைத்துவிடும் என்ற நம்பிக்கை, இதை வாங்கிச் செல்வோர் பலரிடம் உண்டு.

கொலஸ்டிரால் முதன்முதலில் அறியப்பட்டது பித்தக்கற்களில்தான். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் அவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளுக்கு, பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு செவ்ரூல் என்ற வேதியியலாளர் பெயரிட்டார். இதயத்தோடு அதற்குள்ள தொடர்பு வெளிப்பட ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. 1913இல் ரஷ்யாவின் அனிச்கோவ், எண்ணெயில் கரைத்த கொலஸ்டிராலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிச் சுவர்களில் கொழுப்பு படிந்தது. தழை தின்னும் முயலைக் கொண்டு மனிதரைப் பற்றி முடிவு செய்யலாமா என்று பலர் ஐயுற்றனர், நியாயமான ஐயமே. 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு, கொலஸ்டிரால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் மிகுதி என்று காட்டியது.

உடலிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று, உடலே உண்டாக்குவது. தமனியில் படியும் எல்டிஎல் துகள்களை இரத்தத்திலிருந்து உள்ளிழுக்கும் ஏற்பிகளை பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் கண்டறிந்து 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஜப்பானின் அகிரா எண்டோ சுமார் 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்து, 1973இல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தார். ஸ்டேட்டின் கல்லீரலின் கொலஸ்டிரால் உற்பத்தியைக் குறைக்கிறது. குறைவை ஈடுகட்டக் கல்லீரல் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி, இரத்தத்திலுள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. ஆகவே "கரைத்தல்" என்ற சொல்லே இங்குப் பொருந்தாது.

பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின், ஆய்வுக்கூடத்தில் கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுப்பதாகக் கண்டதால் எதிர்பார்ப்பு வளர்ந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எல்டிஎல் ஓரளவு மிகுந்த 192 பேரில் சிலருக்குப் பச்சைப்பூண்டும், சிலருக்குப் பூண்டு மாத்திரைகளும், மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் ஆறு மாதம் தரப்பட்டன. எல்டிஎல் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எந்தப் பிரிவிலும் இல்லை. சிறிதளவு குறைவைக் கண்ட ஆய்வுகளும் உண்டு. ஆனால் அது ஸ்டேட்டினுக்கு ஈடாகாது.

இவை மலைப்பூண்டைக் கொண்டு செய்த ஆய்வுகள் அல்ல. ஆயினும் அதற்கு வேறு விளைவு உண்டென்று நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், பூண்டை மிகுதியாகச் சேர்த்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், இரத்தக்கசிவு கூடலாம். இரசத்துக்கும் குழம்புக்கும் இடும் அளவுக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.