மார்க்கர் போட கிராபிக்ஸ் கார்டு எதுக்குங்க?

போன வாரம் திருப்பூர்ல இருந்து மாமா போன். "மாப்ள, பேட்டர்ன் போட லேப்டாப் ஒண்ணு வாங்கோணும். கடைக்காரன் கேமிங் லேப்டாப் தான் தாங்கும்னு சொல்றான். முப்பதாயிரம் கூட ஆகுது. குடுக்கறதா?"

பனியன் கம்பெனில முப்பதாயிரம் சும்மா வராது. பதில் சொல்ல கொஞ்சம் வரலாறு தேவைப்பட்டுச்சு.

துணிக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு புதுசில்ல. 1804-லயே ஜக்கார்ட் தறி ஓட்டை போட்ட அட்டைய படிச்சு டிசைன் நெய்ஞ்சுது. கார்மெண்ட்ஸ் பக்கம் 1973-ல பிரான்ஸ்ல லெக்ட்ரா ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல கெர்பர் ஏற்கனவே துணி வெட்டற மெஷின் பண்ணிட்டு இருந்தாங்க. பல வருஷம் போட்டி போட்டுட்டு, 2021-ல கெர்பரையே லெக்ட்ரா வாங்கிடுச்சு!

இந்த சாப்ட்வேர்ல பேட்டர்ன்ங்கறது வெறும் கோடும் புள்ளியும் தான். மார்க்கர்னா, முன்பக்கம், முதுகு, கை எல்லாத்தையும் துணி அகலத்துக்குள்ள வேஸ்ட் இல்லாம அடுக்கறது. ஒரு டி-ஷர்ட் செலவுல பெரும்பங்கு துணிக்குத் தானே போகுது? அதனால மார்க்கர்ல ஒரு சதவீதம் மிச்சமானாலும் பெரிய ஆர்டர்ல லாபம் தான். ஆனா அடுக்கிப் பாக்கற கணக்கு பிராசஸரோட வேலை. கிராபிக்ஸ் சும்மா கோடு வரைஞ்சு காட்டும், அவ்வளவு தான்.

கிராபிக்ஸ் ரெண்டு பாதையா பிரிஞ்சது 1999-ல. மதர்போர்டு சிப்செட்லயே கிராபிக்ஸ வச்சு இன்டெல் 810 வந்துச்சு. அதே வருஷம் ஜீஃபோர்ஸ் 256-ஐ விட்டு "உலகத்தோட முதல் ஜிபியு"ன்னு என்விடியா விளம்பரம் பண்ணுச்சு. 2011-ல சாண்டி பிரிட்ஜ் வந்தப்போ பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே சில்லுக்குள்ள வந்தாச்சு. அதே 2011 செப்டம்பர் 15-ல தான் தமிழ்நாட்டுல இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சாங்க. 2 ஜிபி ராம். எங்க பக்கம் நிறைய வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரே அது தான்.

அப்போ தனி கார்டு யாருக்கு? தென்கொரியாவுல 2009-ல ஆரம்பிச்ச க்ளோ மாதிரி 3டி சாப்ட்வேர் ஓட்டறவங்களுக்கு. அதுல துணிய ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணமா பிரிச்சு, ஒவ்வொரு புள்ளியும் எப்படி தொங்கும், உடம்புல எங்க இடிக்கும்னு கணக்கு போடணும். ஒரே கணக்க ஆயிரம் இடத்துல ஒரே நேரத்துல போடறது ஜிபியு வேலை. என்விடியா 2007-ல விட்ட குடா அதுக்கு வழி பண்ணுச்சு. 2020 கொரோனாவுல சாம்பிள் அனுப்ப முடியாம தவிச்சப்போ தான் பயர்கள் நிறைய பேர் 3டி பக்கம் திரும்பினாங்க.

இது தெரியாம நான் ஒருதடவ மாட்டிருக்கேன். பேஷன் டிசைன் படிக்கற மாமா பொண்ணுக்கு "ஐ7 போதும்மா"ன்னு பெரிய இவனாட்டம் சொல்லி, அது 3டில ஒரு சட்டைய போட்டுக் காட்ட திணறி... இன்னும் என்கிட்ட சரியா பேசறதில்ல :(

கார்டு வாங்கறவங்க இன்னொண்ணும் பாருங்க. ஆர்டிஎக்ஸ் 4060-ன்னு ஒரே பேர் இருந்தாலும் ஒரு லேப்டாப்ல 35 வாட், இன்னொண்ணுல 115 வாட். வேகம் ஒண்ணு கிடையாது. சூடு அதிகம், காத்தும் அதிகமா இழுக்கும், கம்பெனில பறக்கற பஞ்சு மொத்தம் ஃபேன்ல போய் உக்காரும்!

"மாமா, பயர் யாராவது 3டி கேக்கறாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல மாப்ள."

"அப்போ நல்ல பிராசஸர், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி. கார்டு வேண்டாங்க."

"செரி. மிச்ச பணத்துல ஓவர்லாக் மெஷின பாத்துக்கறேன்"னு போனை வச்சுட்டார்.