செல்போன் வீடியோவுக்கும் ‘கைரேகை’ கேட்கும் சட்டம்: ஹேஷ் வேல்யூ என்றால் என்ன? ஆப் இல்லாமல் போனிலேயே எடுக்க முடியுமா?

காஞ்சிபுரம் - செங்கல்பட்டு சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர் பழையசீவரம். அந்த வழியாக ராத்திரி பைக்கில் போகும் ஒருவர் மீது லாரி மோதிவிட்டு நிற்காமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே நின்றவர் நம்பர் பிளேட் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுத்துவிட்டார். அடிபட்டவரின் மச்சானுக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மச்சான் வக்கீலுக்கு அனுப்புகிறார். வீடியோ எடுத்தவரோ, போனில் இடம் இல்லை என்று ஒரு மாதம் கழித்து ஒரிஜினலை டெலிட் செய்துவிடுகிறார்.

கேஸ் கோர்ட்டுக்கு வரும்போது எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்வி தெரிந்ததுதான். ‘அன்றைக்கு எடுத்த வீடியோதானா இது? நடுவில் யாரும் கை வைக்கவில்லையா?’

இந்தக் கேள்விக்கு 64 எழுத்துகளில் பதில் சொல்வதுதான் ஹேஷ் வேல்யூ. ஆனால் அதை எப்போது எடுத்தோம், எந்தக் காப்பியில் எடுத்தோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது?

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், பழைய 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. பழைய சட்டத்தில் 65பி பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஒரிஜினல் கருவியையே கோர்ட்டில் காட்டாமல் காப்பியைத் தாக்கல் செய்தால் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

புதிய சட்டத்தில் அந்த வேலையைச் செய்வது 63-வது பிரிவு. சான்றிதழின் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே அச்சாகி இருக்கிறது. ‘ஏ’ பகுதி ஆவணத்தைத் தருபவருக்கு, ‘பி’ பகுதி நிபுணருக்கு. இரண்டிலும் ஹேஷ் வேல்யூ எழுத இடம் உண்டு. எந்த முறையில் எடுத்தது என்பதையும் குறிக்க வேண்டும்: எஸ்ஹெச்ஏ1, எஸ்ஹெச்ஏ256, எம்டி5, அல்லது சட்டம் ஏற்கும் வேறு முறை. ஹேஷ் அறிக்கையையும் கூடவே இணைக்க வேண்டும்.

லேப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சாதாரணம். கிராமத்தில் டீக்கடை சிசிடிவி வைத்திருப்பவருக்கும், ரோட்டோரம் நின்று வீடியோ எடுத்தவருக்கும் இது புது வேலை.

ஹேஷ் எப்படி வேலை செய்கிறது?

எந்த ஃபைலாக இருந்தாலும், உள்ளே இருப்பது பைட்டுகள்தான். எஸ்ஹெச்ஏ256 அந்த பைட்டுகளை 64, 64-ஆகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் 64 சுற்று கலக்குகிறது. ஃபைல் முடிந்ததும் ஒரு ‘1’ பிட்டும் தேவையான பூஜ்ஜியங்களும் போட்டு நிரப்பி, ஃபைலின் மொத்த நீளத்தையும் முடிவில் சேர்த்துக்கொள்ளும். ஒரு தொகுதியின் விடை அடுத்த தொகுதியின் கணக்குக்குள் போகிறது. முடிவில் கிடைப்பது 0 முதல் 9 வரையிலான எண்களும் ஆங்கிலத்தின் முதல் 6 எழுத்துகளும் கலந்த 64 குறியீடுகள்.

ஃபைல் 1 கேபியோ 1 ஜிபியோ, விடை அதே 64 தான். நடுவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஹேஷில் இருந்து வீடியோவைத் திரும்ப எடுக்க முடியாது. ஃபைலின் பெயரை மாற்றினால் ஹேஷ் மாறாது, ஏனென்றால் பெயர் கணக்கில் வருவதே இல்லை. பென்டிரைவுக்கு அப்படியே காப்பி செய்தாலும் மாறாது.

வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால்? மாறிவிடும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி, புது ஃபைலாக அனுப்புகிறது. கண்ணுக்கு அதே லாரி, அதே நம்பர் பிளேட். பைட்டுகள் வேறு. மேலே சொன்ன கதையில் வக்கீல் கையில் இருக்கும் வீடியோவுக்கும் ஹேஷ் எடுக்கலாம், ஆனால் அது அந்தச் சுருங்கிய காப்பிக்கு மட்டுமே சாட்சி. அதே வீடியோவை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பியிருந்தால் பைட்டுகள் அப்படியே போயிருக்கும்.

சாஃப்ட்வேர் போடாமல் எடுப்பது எப்படி?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் பவர்ஷெல்லின் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ கட்டளை போதும். லினக்ஸில் ‘எஸ்ஹெச்ஏ256சம்’. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பிரவுசர்தான் வழி. ஹேஷ் எடுத்துத் தரும் பல இணையப் பக்கங்கள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டவை. ஃபைலைச் சர்வருக்கு அனுப்பாமல் போனுக்குள்ளேயே கணக்குப் போடுபவை அவற்றில் உண்டு.

பிரவுசருக்குள்ளேயே ‘வெப் கிரிப்டோ’ என்ற வசதி இருக்கிறது. முன்கூட்டியே மெஷின் மொழிக்கு மாற்றப்பட்டது என்பதால் வேகம் அதிகம். ஆனால் அதில் எம்டி5 கிடையாது. தவிர, முழு ஃபைலையும் ஒரே நேரத்தில் மெமரியில் கேட்கும். 2 ஜிபி சிசிடிவி பதிவைக் கொடுத்தால் சாதாரண போன் திணறிவிடும். அதனால்தான் சிலர் அந்த 64 சுற்றுக் கணக்கு முழுவதையும் ஸ்கிரிப்டிலேயே எழுதுகிறார்கள். ஃபைலைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே போகலாம்.

இது புது யோசனை இல்லை. எம்டி5-ஐ சி மொழியில் கம்பைல் செய்ய வசதி இல்லாத சர்வர்களுக்காகவே, முழுக்க பெர்ல் மொழியில் எழுதிய மாட்யூல் ஒன்று வந்தது. கம்பைல் செய்த எம்டி5 மாட்யூல் பெர்லுடனேயே சேர்ந்து வந்தது 2002-ல், 5.8 பதிப்பில்தான்.

விலை என்னவென்றால் வேகம். 100 எம்பி வீடியோவில் சுமார் 16 லட்சத்து 38 ஆயிரம் தொகுதிகள் இருக்கும். தொகுதிக்கு 64 சுற்று என்றால் 10 கோடிக்கும் மேல். ஸ்கிரிப்ட் மொழி இதை மெதுவாகத்தான் செய்யும். விடை மட்டும் அதே விடை. சரியாக எழுதியிருந்தால், பழையசீவரத்தில் ஒரு போனில் ஓடும் ஸ்கிரிப்டும் சென்னையில் தடய அறிவியல் ஆய்வகத்தின் கம்ப்யூட்டரும் ஒரே 64 குறியீட்டைத்தான் தர வேண்டும். எதிர்த்தரப்பும் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்கிரிப்ட் எங்கே தப்பு செய்யும்?

எஸ்ஹெச்ஏ256-ல் ஒவ்வொரு கூட்டலும் 32 பிட்டுக்குள் நிற்க வேண்டும். அதாவது 429,49,67,296-ஐத் தொட்டால் திரும்பப் பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். சி மொழியில் 32 பிட் எண் என்று சொல்லிவிட்டால் இது தானாக நடக்கும். பைத்தானில் எண்ணுக்கு எல்லையே இல்லை, வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் வெட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் பிட் கணக்கு செய்தால் விடை சில சமயம் மைனஸில் வரும், அதையும் திருத்த வேண்டும். ஓர் இடத்தில் மறந்தாலும் 64 குறியீடு என்னவோ அழகாகத்தான் வரும். தப்பாக வரும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. ‘பழையசீவரம்’ என்பது கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 10 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் 30 பைட். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய ஸ்கிரிப்ட், தமிழ் வாசகத்தை ஒட்டினால் தப்பான ஹேஷ் தரும். ‘மோ’ போன்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஹேஷ் வேறு. அதனால் வாட்ஸ்அப் மெசேஜை காப்பி செய்து ஒட்டி ஹேஷ் எடுப்பதை விட, ஃபைலாகச் சேமித்து எடுப்பதே பாதுகாப்பு.

ஒரு பக்கம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஏ, பி, சி என்ற மூன்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளி விடாமல் கொடுங்கள். எஸ்ஹெச்ஏ256 விடை ‘பி, ஏ, 7, 8, 1, 6’ என்று தொடங்கி ‘1, 5, ஏ, டி’ என்று முடிய வேண்டும். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட மாதிரி விடை இது. பக்கம் திறந்த பிறகு டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். விடை வந்தால் கணக்கு போனுக்குள்தான் நடக்கிறது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு டேட்டாவை ஆன் செய்யலாம். ஐபோனில் போட்டோஸ் வழியாக வீடியோவைத் தேர்ந்தெடுத்தால் போனே அதைச் சுருக்கிக் கொடுக்கக்கூடும். ஃபைல்ஸில் சேமித்து அங்கிருந்து எடுப்பது நல்லது.

எம்டி5 போதாதா?

படிவத்தில் மூன்றும் இருக்கின்றன. ஆனால் மூன்றும் சமம் இல்லை. 1992-ல் வெளியான எம்டி5-ல், ஒரே ஹேஷ் தரும் இரண்டு வேறு ஃபைல்களை உருவாக்க முடியும் என்று 2004-ல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழு காட்டியது. 2017-ல் கூகுளும் நெதர்லாந்தின் சிடபிள்யுஐ நிறுவனமும் எஸ்ஹெச்ஏ1-க்கும் அதையே செய்து காட்டின, இரண்டு பிடிஎஃப்களை வைத்து.

இதற்காகப் பழைய வழக்குகளில் கொடுத்த எம்டி5 எல்லாம் வீண் என்று பதற வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் ஒரு வீடியோவின் ஹேஷுக்குப் பொருந்தும்படி வேறொரு வீடியோவை உருவாக்குவது இதைவிடப் பல மடங்கு கடினம், எம்டி5-லும் அது நடைமுறையில் நடக்கவில்லை. இருந்தாலும் புதிதாக எடுக்கும்போது எஸ்ஹெச்ஏ256 இருக்க, வாதத்துக்கு இடம் கொடுக்கும் முறை எதற்கு?

ஹேஷ் சொல்லாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. வீடியோவில் இருப்பது உண்மையா, எந்தத் தேதியில் எடுத்தது, எடுத்தவர் யார் என்பதை அது சொல்லாது. ஹேஷ் எடுத்த நேரத்தில் இருந்த ஃபைலும் இப்போது கோர்ட்டில் இருக்கும் ஃபைலும் ஒன்றுதான் என்பதை மட்டும் சொல்லும். எடிட் செய்த பிறகு ஹேஷ் எடுத்தால், எடிட் செய்த வீடியோவுக்குத்தான் அது காவல் நிற்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் ஒரிஜினலை, டிரிம் செய்யாமல், எடுத்த போனிலேயே வைத்து ஹேஷ் எடுக்க வேண்டும். பிறகுதான் மச்சானுக்கு அனுப்புவதெல்லாம். 64 குறியீட்டைக் கையால் எழுதாமல் காப்பி செய்து, தேதி, நேரம், முறையின் பெயருடன் சேமிக்கலாம். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். படிவத்தின் ‘ஏ’ பகுதியில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தப் போனை வைத்திருந்தவர், வக்கீல் அல்ல. போனில் இடம் இல்லை என்றால் பழைய பாட்டு, படங்களை அழித்துக்கொள்ளலாம். கேஸ் முடியும் வரை அந்த ஒரு ஃபைலை விட்டுவையுங்கள்.