மன்னன் பெயரால்

வைசிராய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது டில்லி மாளிகையும், 1947 வரை அங்கே கொலுவீற்றிருந்த வெள்ளைத் துரைமார்களும்தான். அந்தப் பதவியின் வயது அதைவிட அதிகம், நண்பர்களே! இத்தாலியின் கால்நுனியை ஒட்டிக் கிடக்கும் சிசிலித் தீவு, 1415-லேயே ஒரு வைசிராயைக் கண்டுவிட்டது.

1282-இல் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துச் சீறி எழுந்த சிசிலி மக்கள், துணைக்கு ஸ்பெயின் பகுதியின் அரகான் மன்னரை அழைத்தனர். துணைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை! அவர் வழியினர் சிலகாலம் தீவிலேயே தங்கி ஆண்டனர். 1409-க்குப் பின் முடி கடல் கடந்தது. மன்னர் ஸ்பெயினில், அவர் பெயரால் ஆணையிட, மன்னரின் பதிலாள் சிசிலியில். படையும் நீதியும் வரியும் பதிலாள் கையில். அந்தக் கையை அசைக்கும் கயிறோ கடலுக்கு அப்பால்!

அந்தத் தீவிலே யூதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்துவந்தனர். 1487-இல் எருசலேம் செல்லும் வழியில் பாலெர்மோவில் தங்கிய ஒபதியா என்ற யூத அறிஞர், அந்நகரில் மட்டும் சுமார் 850 யூதக் குடும்பங்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். யூதன் என்றால் வட்டிக்கடைக்காரன் என்று கதை கட்டுவோர் அவருடைய கடிதத்தைப் படிக்கவேண்டும். அவர் கண்டவர்கள் செம்பு வேலைக்காரர்கள், கொல்லர்கள், சுமை தூக்குவோர், வயலில் பாடுபடுவோர். கந்தல் உடுத்தியவர்கள், ஊரார் இழிவாக நடத்தியவர்கள். மேலாடையில் சிவப்புத் துணித்துண்டு ஒன்றை அடையாளமாக அணியவேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை.

சட்டத்தின் பார்வையில் அவர்கள் அரசரின் கருவூலத்துக்கு உரிய அடிமைகள். அந்த அடிமைத்தனமே சில வேளைகளில் அவர்களுக்குக் கேடயமாகவும் இருந்தது என்பதுதான் விந்தை. 1474-இல், மரியன்னையின் திருநாளன்று, மோதிக்கா என்ற ஊரில் மதவெறிக் கும்பல் சுமார் 360 யூதர்களை வெட்டிச் சாய்த்தது. அன்றைய வைசிராய் உர்ரேயா, கும்பலின் தலைவர்களைத் தண்டித்தார். மன்னரின் உடைமைமேல் கை வைத்துவிட்டார்களே!

ஆனால் அழிக்க வருவது கும்பல் அல்ல, அரியணையே என்றால்?

1492 மார்ச் 31-இல் கிரனடாவிலிருந்து ஆணை பிறந்தது: ஞானஸ்நானம் பெறாத யூதர் அனைவரும் வெளியேறவேண்டும். சிசிலியில் அப்போது வைசிராயாக இருந்தவர் பெர்னாண்டோ தெ அக்குனா, காஸ்டில் நாட்டுப் பிரபுக் குடும்பத்தவர். ஜூன் 9-இல் அவருடைய ஆட்சி முந்திக்கொண்டது: யூதர் எவரும் இரகசியமாகத் தீவைவிட்டுப் போகக்கூடாது, பொருளை விற்கவோ மறைக்கவோ கூடாது. ஒன்பது நாள் கழித்து, ஜூன் 18-இல், வெளியேற்ற ஆணை பறையறையப்பட்டது. முதலில் கதவைப் பூட்டினர். பிறகு வெளியே போ என்றனர்!

இரண்டே நாளில் தீவின் உயர் அலுவலர்கள் மன்னருக்கு முறையீடு எழுதினர். என்ன எழுதினர்? பிறந்த மண்ணிலிருந்து மனிதரை விரட்டுவது கொடுமை என்றா? இல்லை. இந்நாட்டின் கைவினைஞரில் பெரும்பாலோர் யூதர். அவர்கள் போய்விட்டால் குதிரைக்கு லாடம் அடிக்க, உழவுக் கருவி செய்ய, கப்பலுக்கு வேண்டிய இரும்பு வேலை பார்க்க ஆள் ஏது என்று எழுதினர். மனிதனுக்காகப் பேச நாவெழவில்லை, லாடத்துக்காக எழுந்தது. அதையாவது எழுதினார்களே என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

அரியணை அசையவில்லை. கெடு மட்டும், கெஞ்சலுக்கும் காசுக்கும் இணங்கி, மூன்று மாதத்திலிருந்து டிசம்பர் 18-க்கும், பிறகு 1493 ஜனவரி 12-க்கும் நீண்டது. போகிறவன் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவை: உடை ஒன்று, மெத்தை ஒன்று, கம்பளம் ஒன்று, பழைய விரிப்பு இரண்டு, வழிக்குக் கொஞ்சம் உணவு, மூன்று தாரி நாணயம். தலைமுறை தலைமுறையாகச் சம்மட்டி பிடித்த கை, சிசிலியிலிருந்து கொண்டுபோனது அவ்வளவுதான்.

அக்குனா 1494-இல் இறந்தார். கத்தானியாப் பேராலயத்தில், புனித அகத்தாவின் சிற்றாலயத்தில், அவருக்கு அழகிய கல்லறை எழுப்பினர். மதம் மாறித் தீவிலேயே தங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? மாறினது மெய்யா பொய்யா என்று துருவ ஸ்பானிய மத விசாரணை மன்றம் வந்தது! சிறையும் சித்திரவதையும் தீக்குண்டமும் வந்தன.

அந்த மன்றத்தின் கதவு மூடப்பட்டது 1782-இல். மூடியவரும் ஒரு வைசிராய்தான். கரச்சோலோ என்பது அவர் பெயர். பாரிசில் தூதராக இருந்தபோது பகுத்தறிவுப் பேரறிஞர்களோடு பழகியவர். அன்றும் ஆணை மன்னன் பெயராலேயே படிக்கப்பட்டது. அதைக் கேட்டுத் தம் கண்கள் கலங்கிய செய்தியை அவர் பிரெஞ்சு அறிஞர் தலாம்பருக்குக் கடிதத்தில் எழுதினார்.