ஏரி, காகிதம், பூர்வீகம்: ட்ராக்காய் நகரை முன்வைத்துச் சில குறிப்புகள்

பூர்வீகம் என்பது ஆராய்ந்து கண்டுபிடிக்கிற சமாச்சாரம் என்றுதான் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் மொழிக்குடும்பங்களைக் கிளை கிளையாக வரைந்து மனப்பாடம் செய்தவன் நான். எந்த மொழிக்கு எது அக்கா, எது தங்கை என்று தெரிந்துவிட்டால், அதைப் பேசுகிற சனம் எங்கிருந்து வந்தது, யாருக்கு யார் உறவு என்பதும் தெரிந்துவிடும் என்பது அந்த வகுப்பறையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கு ஆட்டம் கண்டது லிதுவேனியா நாட்டின் ஓர் ஏரிக்கரை ஊரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான். ‘நீ என்ன மொழி, என்ன இனம்’ என்கிற கேள்விக்கான பதில், 1941இல் அந்த ஊரில் ஒருவர் உயிரோடு இருக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானித்தது.

ஊரின் பெயர் ட்ராக்காய். தலைநகர் வில்னியசுக்கு மேற்கே 28 கிலோமீட்டர். பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்களில் நீர் தேங்கி உருவான ஏரிகளின் நாடு அது. ஊர், வடக்கே நீட்டிய நாக்கு மாதிரி ஒரு நிலத்துண்டில் இருக்கிறது. நாக்கின் நுனியில் கால்வே ஏரி. மேற்கே டோடோரிஷ்கேஸ் ஏரி. கிழக்கே பெர்னார்டினை ஏரி. டோடோரிஷ்கேஸ் என்ற பெயருக்குள் தாத்தாரியர் இருக்கிறார்கள். பெர்னார்டினை என்ற பெயருக்குள் கிறிஸ்தவத் துறவிகள் இருக்கிறார்கள். ஊரின் பழைய தெரு கராயிம் தெரு. யூதர்களின் பெயரில் ஏரி எதுவும் இல்லை. அவர்கள் கதை முடிந்த இடம் ஒரு காடு. அதற்குப் பிறகு வருவோம்.

லிதுவேனிய மொழியில் ‘ட்ராக்காஸ்’ என்றால் காட்டில் மரம் வெட்டித் திருத்திய வெளி. போலந்துக்காரர்களுக்கும் ருஷ்யர்களுக்கும் இவ்வூர் ‘ட்ரோக்கி’. இத்திஷ் பேசிய யூதர்களுக்கு ‘ட்ரோக்’. இந்த ஊரில் 1913இல் பிறந்து நீண்ட ஆயுளோடு வாழ்ந்த ஒருவர், வீட்டைவிட்டு நகராமலே ஜார் ஆட்சி, ஜெர்மானியப் படைகளின் ஆக்கிரமிப்பு, போலந்து, லிதுவேனியா, சோவியத் யூனியன், நாஜி ஜெர்மனி, மறுபடி சோவியத், 1990க்குப் பிறகு மறுபடி லிதுவேனியா என்று எல்லோருக்கும் குடியாக இருந்திருப்பார். ஒவ்வொரு ஆட்சியும் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி: நீ யார்? பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

*

14ஆம் நூற்றாண்டில் லிதுவேனியப் பெருங்கோமான்களின் அதிகார மையங்களில் ஒன்றாக ட்ராக்காய் இருந்தது. கெடிமினாஸ், கெஸ்டூட்டிஸ், அவர் மகன் வீத்தவ்தாஸ் என்று அந்த வரிசை போகிறது. ஏரிக்கு நடுவிலிருக்கும் தீவுக்கோட்டை 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. 1430இல் வீத்தவ்தாஸ் இறந்ததும் இந்த ஊரில்தான். 1397-98 வாக்கில், கிரிமியா பக்கம் படையெடுத்துப் போனவர் திரும்பும்போது அங்கிருந்து தாத்தாரியர்களையும் கராயிம் குடும்பங்களையும் கொண்டுவந்து குடியமர்த்தினார் என்பது வழக்காறு. கோட்டைக் காவலுக்கு வந்தவர்கள் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற கதை. அரண்மனைக்குப் போகிற வழியில் அவர்கள் தெரு அமைந்தது.

யார் இந்தக் கராயிம்கள்? 8ஆம் நூற்றாண்டில் இன்றைய ஈராக் பகுதியில், அனான் பென் தாவீதின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு யூதச் சமய மறுப்பியக்கத்தின் வழிவந்தவர்கள். எழுதப்பட்ட மறைநூலே பிரமாணம், ரபிகளின் வாய்மொழி மரபும் அதைத் தொகுத்த தால்முத்தும் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றவர்கள். ‘கராயிம்’ என்ற சொல்லே ‘வாசி’ என்ற பொருள்படும் எபிரேய வேரிலிருந்து வந்தது. ஆக, வாசிப்பவர்கள். ஆனால் ட்ராக்காய் கராயிம்கள் வீட்டில் பேசிய மொழி எபிரேயம் கிடையாது. துருக்கிய மொழிக்குடும்பத்தின் கிப்சாக் கிளையைச் சேர்ந்தது. கடவுளை ‘தியென்ரி’ என்பார்கள், புல்வெளித் துருக்கியரின் ‘தெங்ரி’தான் அது. அந்தத் துருக்கிய மொழியை நெடுங்காலம் எபிரேய எழுத்தில் எழுதினார்கள். பெயர் எபிரேயம், பேச்சு துருக்கியம், எழுத்து எபிரேயம். எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த மரத்தில் இவர்களை எந்தக் கிளையில் உட்கார வைப்பது?

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கேள்வி யாருக்கும் பெரிய தலைவலியாக இருந்ததாகத் தெரியவில்லை. 1441இல் காசிமீர், ட்ராக்காய் கராயிம்களுக்கு மக்டெபர்க் நகர உரிமையை வழங்கினார். ஊரின் ஒரு பாதி கிறிஸ்தவர்களுடையது, மறுபாதி கராயிம்களுடையது. அவர்களுக்கென்று தனித் தலைவர். ஆனால் வரி என்று வரும்போது அரசின் கணக்கில் அவர்களும் யூதர்கள்தான். ட்ராக்காயில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈசாக் என்ற கராயிம் அறிஞர், கிறிஸ்தவ வாதங்களை மறுத்து யூத சமயத்தைப் பாதுகாக்க எபிரேயத்தில் ஒரு நூல் எழுதினார். ‘ஹிஸ்ஸுக் எமூனா’ என்று பெயர். 1681இல் அது லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சேறியது. வோல்டேர் வரைக்கும் போனது. ரபினிய யூதர்களும் அதைத் தங்கள் நூலாகவே வாசித்தார்கள். யூத சமயத்துக்கு ஆதரவான புகழ்பெற்ற வாதநூலொன்றை எழுதியவர், பின்னாளில் ‘யூதரே அல்லாதவர்கள்’ ஆகிவிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்!

பிளவு எங்கே வருகிறது? சலுகை வருகிற இடத்தில். 1646இல் நான்காம் விளாடிஸ்லாவ், ரபினிய யூதர்கள் ட்ராக்காயில் குடியேறக்கூடாது என்று கராயிம்களுக்குச் சாதகமாக ஓர் ஆணை தருகிறார். சின்ன ஊர், சின்ன வியாபாரம், போட்டி வேண்டாம். ஊரைச் சுற்றி ஏரி என்கிற அகழி; ஊருக்குள் காகிதம் என்கிற இன்னோர் அகழி. 1655இல் மாஸ்கோவின் படை வந்தபோது முதல் அகழியால் ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. கோட்டை பாழானது. இரண்டாவது அகழி நிலைத்தது.

*

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலந்து–லிதுவேனியா துண்டாடப்பட்டு, ட்ராக்காய் ஜாரின் கைக்குப் போகிறது. கிரிமியா ஏற்கெனவே ஜாரிடம். அங்கே யூதர்கள்மீது இரட்டை வரி விதிக்கப்பட்டபோது, 1795இல் கிரிமிய கராயிம்கள் விலக்குக் கேட்டு வாங்குகிறார்கள். 1827இல் யூதர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை வருகிறது. கராயிம்களுக்கு அதிலும் விலக்கு. 1863இல் ருஷ்யக் குடிகளுக்குச் சமமான உரிமை. இப்படி ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு மனு எழுத வேண்டும். ஒவ்வொரு மனுவிலும் ‘நாங்கள் அவர்கள் இல்லை’ என்று ஒரு வரி இருந்தாக வேண்டும்.

அப்புறம் அந்த வரிக்கு ஆதாரம் கேட்கிறார்கள். 1839இல் வொரோன்த்சோவ் என்ற ஆளுநர் கிரிமிய கராயிம்களிடம், உங்கள் பூர்வீகம் என்ன, எப்போது வந்தீர்கள் என்று கேள்விகள் அனுப்புகிறார். பதில் தேடக் கிளம்பியவர் ஆபிரகாம் ஃபிர்கோவிச். கல்லறைக் கற்களைப் படியெடுத்தார், பழஞ்சுவடிகளைச் சேகரித்தார். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்திலுள்ள அவர் தொகுப்பு இல்லாமல் எபிரேயச் சுவடியியலே கிடையாது. அதே ஃபிர்கோவிச் கல்வெட்டுகளின் ஆண்டுகளைத் திருத்தி முன்னுக்குத் தள்ளினார் என்று பின்வந்த அறிஞர்கள் காட்டினார்கள். ஏன் திருத்த வேண்டும்? இயேசு பிறப்பதற்கு முன்பே தன் முன்னோர் கிரிமியாவுக்கு வந்துவிட்டார்கள் என்று நிறுவினால், சிலுவையில் அறைந்த பழி அவர்கள்மேல் விழாது. கிறிஸ்தவ அரசனுக்குப் போட வேண்டிய கணக்கு அது. கவனிக்க வேண்டும்: ஃபிர்கோவிச்சின் கதையில் கராயிம்கள் இஸ்ரவேலர்தான். துருக்கியர் என்ற கதை பிறகு வலுப்பெறுகிறது. கேட்பவர் மாறினால் பூர்வீகமும் மாறுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் கேட்பவர் இனவாதி. இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் ட்ராக்காய் போலந்தின் வசம் இருந்தது. கராயிம்களின் சமயத் தலைவராக வந்த, கிரிமியாவில் பிறந்த செராயா ஷப்ஷால் கீழைமொழி அறிஞர். பாரசீக இளவரசருக்கு ஆசிரியராக இருந்தவர். ‘அறிஞர்’ என்று பொருள்படும் எபிரேயப் பட்டம் ‘ஹாஹாம்’. அவர் காலத்தில் அது ‘ஹாஹான்’ ஆனது, துருக்கிய ‘ககான்’ என்ற அரசப் பட்டத்தின் சாயலில். ஓர் எழுத்துத்தான் மாறுகிறது. அதற்குள் ஒரு சமூகம் கண்டம் மாறிவிடுகிறது. 1934இல் கொர்ராடோ ஜினி என்ற இத்தாலியர் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு வந்து கராயிம்களை உடற்கூற்று மானிடவியல் முறைப்படி அளந்தது. ஏற்றத்தாழ்வை அளக்கப் பொருளாதாரத்தில் இன்றும் பயன்படுகிற ‘ஜினி குறியீடு’ இவர் பெயரில்தான் இருக்கிறது. பாசிசத்துக்கு அறிவியல் அடிப்படை எழுதிக்கொடுத்தவரும் இவரே. அப்பாவிக் கருவிகள் என்று எவற்றைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

1939 ஜனவரி 5ஆம் தேதி பெர்லினிலிருந்து ஒரு கடிதம். வம்சாவளி ஆராய்ச்சிக்கான அரசு அலுவலகம் எழுதியது: கராயிம் சமயத்தவரை யூத மத சமூகமாகக் கருத வேண்டியதில்லை, தனிநபரின் இனத்தை அவரவர் வம்சாவளியைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அவ்வளவுதான். அலுவலகக் கடிதம். எந்த உணர்ச்சியும் கிடையாது.

*

1941 ஜூனில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். செப்டம்பர் 30 அன்று, ட்ராக்காய்க்கு அருகிலுள்ள வார்னிக்காய் காட்டில், ட்ராக்காயிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் திரட்டிய யூதர்களைச் சுட்டுக்கொன்றார்கள். கொலைப்பிரிவின் தலைவன் கார்ல் யேகர் அந்த டிசம்பரில் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் கணக்கு இருக்கிறது: ஆண்கள் 366, பெண்கள் 483, குழந்தைகள் 597. மொத்தம் 1,446. கடைத்தெருக் கணக்குப்போல் கூட்டிக் கீழே போட்டிருக்கிறான். இந்த வேலையில் உள்ளூர் லிதுவேனியர்களும் கூட்டு. கராயிம் தெரு அப்படியே இருந்தது.

ஆனால் கடிதம் இருந்தும் சந்தேகம் தீரவில்லை. கீவ் நகரத்தில், பாபி யார் படுகொலையில் கராயிம்களும் சிக்கினார்கள். களத்திலிருந்து பெர்லினுக்குக் கேள்விகள் போயின. கடைசியில் யாரிடம் போய்க் கேட்டார்கள் தெரியுமா? கெட்டோக்களில் அடைத்துவைத்திருந்த யூத அறிஞர்களிடம். வில்னியசில் ஸெலிக் கல்மனோவிச், வார்சாவில் மேயர் பவாபான், ஈசாக் ஷிப்பர். கராயிம்கள் யூத இனமா இல்லையா, ஆராய்ந்து எழுதிக் கொடுங்கள் என்றார்கள். யூதர்களைவிட்டு விலகி நின்று பல தலைமுறையாக மனுப்போட்டவர்களைப் பற்றிய கேள்வி. இல்லை, அவர்கள் யூத இனமில்லை என்றே மூவரும் பதில் தந்தார்கள். காப்பாற்றுவதற்காகவே அப்படிச் சொன்னார்கள் என்று இதை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஃப்ரீட்மன் 1960இல் எழுதினார். பவாபான் 1942இல் வார்சா கெட்டோவில் இறந்தார். ஷிப்பர் 1943இல், கல்மனோவிச் 1944இல், இருவரும் முகாம்களில்.

தங்கள் வாழ்நாளெல்லாம் ஆதாரம், சான்று, ஆண்டு என்று கறாராக எழுதியவர்கள் அவர்கள். சாவின் வாசலில், தங்களைக் காப்பாற்றாத ஒரு பதிலை, மற்றவர்களைக் காப்பாற்றட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ‘உண்மையில்’ கராயிம்கள் யார் என்பதை இந்தப் பதிலை வைத்துத் தீர்ப்பது அபத்தம். ஆனால் ஆய்வறம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால், இனி இந்த மூவரைத்தான் சொல்வேன்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிரிமியாவில் கிரிம்சாக்குகள் என்றொரு சிறு சமூகம். அவர்களும் துருக்கிய மொழிதான் பேசினார்கள். ஆனால் தால்முத்தை ஏற்றவர்கள். ஓலண்டார்ஃபின் கொலைப்பிரிவு இரண்டு சமூகங்களைப் பற்றியும் பெர்லினைக் கேட்டது. கராயிம்களை விடு, கிரிம்சாக்குகளைக் கொல் என்று பதில் வந்தது. 1941 டிசம்பரில் சிம்ஃபெரோபோலில் கொன்றார்கள். மொழிக்குடும்பம் அவர்களைக் காப்பாற்றவில்லை. அவர்கள் கையில் ஒன்றரை நூற்றாண்டு மனுக்களின் கட்டு இல்லை.

*

கராயிம்கள்மீது குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சனம், பெரிய சாம்ராஜ்யங்களுக்கு நடுவில், கிடைத்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது. அதைத் துரோகம் என்று சொல்ல, பாதுகாப்பான தூரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு என்ன யோக்கியதை? விலக்குத் தருகிற அதிகாரம், விலக்குக் கேட்பவரின் வாயாலேயே பக்கத்து வீட்டுக்காரரை அடையாளம் காட்ட வைக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இன்று ட்ராக்காய் சுற்றுலா ஊர். பாழடைந்து கிடந்த தீவுக்கோட்டையை சோவியத் காலத்தில், 1950களில் தொடங்கிச் செங்கல் செங்கலாக மீண்டும் எழுப்பினார்கள். 1962இல் அது அருங்காட்சியகம் ஆனது. 2011 கணக்கெடுப்பில் லிதுவேனியா முழுவதிலும் கராயிம்கள் 241 பேர். கராயிம் தெருவின் மர வீடுகளில் தெருவைப் பார்த்து மூன்று ஜன்னல்கள் இருக்கும். ஒன்று கடவுளுக்கு, ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று வீத்தவ்தாசுக்கு என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். ஆள்பவனுக்கென்று வீட்டில் ஒரு ஜன்னல் வைத்திருக்க வேண்டிய நிலையை அழகான நாட்டார் கதையாகக் கேட்டு, படம் எடுத்துக்கொண்டு போகலாம். வார்னிக்காய் காடு ஏரிக்கு அந்தப் பக்கம்.

நாம் எல்லோருமே ஏதாவது ஒரு சனத்துக்குப் பூர்வீகம் எழுதுகிற ஆட்கள். தொன்மை காட்டினால் விடுதலை கிடைக்கும் என்று நம்பி எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும், இழிவுபடுத்தப்பட்டவர்களுக்கு வரலாறு ஓர் ஆயுதம்தான். ஆனால் ‘நாங்கள் யார்’ என்று எழுதுகிற ஒவ்வொரு வரியும் ‘நாங்கள் யார் இல்லை’ என்றும் சேர்த்தே எழுதுகிறது. அந்த இரண்டாவது வரி எந்த அலுவலக மேஜைக்குப் போகும், யாருடைய பெயருக்கு எதிரே ஒட்டப்படும் என்பது எழுதுகிறவர் கையில் இல்லை. ஃபிர்கோவிச் ஒரு கல்லறைக் கல்லில் ஆண்டைத் திருத்தியபோது நூறு வருஷம் கழித்து பெர்லினில் ஒரு கோப்பு திறக்கும் என்று நினைத்திருக்க மாட்டார். நமக்கு அது தெரியும். தெரிந்த பிறகு நாம் எப்படி எழுதப்போகிறோம்?