சமாதியின் பின்புறம்

மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும். நாதசுரமும் தவிலும் அலைச்சத்தத்தோடு போட்டிபோடும். வாசிப்பவர்களிடையே ஒரு பெண்முகம் தெரிகிறதா என்று என் கண் தேடும். பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவேன்.

இந்தக் குப்பத்திலிருந்து வந்து என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி கர்நாடக சங்கீதமும் கற்றவள். சென்னையில் மார்கழிக் கச்சேரிகளில் ஒரு மதிய நேரம் கிடைக்காதா என்று அலைந்தாள். இளம் கலைஞர்களை வளர்ப்பதாகச் சொல்லும் ஓரிடத்தில் 'நன்கொடை' கேட்டார்கள். "பாடுறதும் நாம, காசு குடுக்கிறதும் நாமளா மேடம்?" என்றாள்.

அவளுக்கு நான் பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பற்றிச் சொன்னேன்.

1878இல் பிறந்த தேவதாசி அவர். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதி பாழடைந்து கிடப்பதை அறிந்து, தான் பாடிச் சேர்த்த பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். 1921இல் அடிக்கல், 1925இல் குடமுழுக்கு. ஆனால் ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்ன கட்சி இரண்டுமே ஆண்களுடையவை. எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுக்கொண்ட அவ்விரு கட்சிகளும் பெண்கள் பாடக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன! கட்டியவளுக்கே அங்கே பாட இடமில்லை.

1927இல் அவர் பெண்கள் கட்சியைத் தொடங்கினார். சமாதியின் பின்புறத்தில் பெண்கள் பாடினார்கள். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றான பிறகுதான் பொது ஆராதனையில் பெண்களின் குரல் சேர்ந்தது. இதைப் பக்தி என்று மட்டுமே எழுதிவருகிறார்கள். பக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பின்னால் வரப்போகும் பாடகிகளுக்குத் தன் செலவில் ஒருத்தி போட்ட மேடை அது.

அதே ஆண்டுகளில்தான் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி ஒழிப்புக்காகச் சட்டமன்றத்தில் போராடினார். நாகரத்தினம்மாள் எதிரணியில் நின்றார். பெண்ணியவாதியாக நான் யார் பக்கம்? பொட்டுக்கட்டுதல் ஒழியத்தான் வேண்டும். 1947இல் சட்டமும் வந்தது. ஆனால் அந்தக் குடும்பங்களின் இளம்பெண்கள் இனி எங்கே பாடுவார்கள், யார் கூலி தருவார்கள் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. 1928இல் பிறந்த மியூசிக் அகாடமியும் சபாக்களும் புதிய பாடகிகளைக் கொண்டுவந்தன. பழைய வீடுகளில் பல பாட்டை விட்டன. முத்துலட்சுமியின் தாயும் அப்படியொரு குடும்பத்தில் பிறந்தவர்தான் என்பதை நினைத்தால் எவர்மீதும் எனக்குக் கோபம் நிலைப்பதில்லை.

1952இல் நாகரத்தினம்மாள் இறந்தார். அவருடைய சமாதி தியாகராஜர் சமாதிக்கு எதிரே இருக்கிறது, முன்புறத்தில்.

அந்த நன்கொடையை நாங்கள் கட்டவில்லை. எங்கள் துறையின் அறையில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, இரவல் சுருதிப்பெட்டியோடு ஒன்றரை மணிநேரம் அவள் பாடினாள். மிருதங்கக்காரருக்குப் பணம் கொடுத்தோம். அவளுக்கும் கொடுத்தோம், உறையைப் பிரித்து இரண்டு முறை எண்ணிப்பார்த்தாள்.